கேட்க ஆளில்லாத புகார்கள்: ஓம் ஷின்ரிக்யோ நடத்திய கொலைகள்

1990 பிப்ரவரியில் ஜப்பானின் கனகாவா மாநிலக் காவல்துறைக்கு ஓர் அநாமதேயக் கடிதம் வந்தது. உள்ளே ஒரு வரைபடம். நகானோ மாநிலத்து மலைப்பகுதியில் ஓர் இடத்தைக் குறித்து, காணாமல்போன குழந்தை அங்கேதான் புதைந்து கிடக்கிறது என்றது கடிதம். அது யோகோஹாமா வழக்கறிஞர் ட்சுட்சுமி சகமோட்டோவின் மகன். ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன பிள்ளை. மூன்று மாதங்களுக்கு முன்னால் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே இரவில் வீட்டிலிருந்து மறைந்திருந்தார்கள். போலீஸார் போனார்கள், தோண்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை என்று திரும்பிவிட்டார்கள். ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1995 செப்டம்பரில், அதே பகுதியில்தான் அந்தக் குழந்தையின் எச்சங்கள் கிடைத்தன.

அந்த ஐந்தரை ஆண்டுகளுக்குள் இன்னும் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் விஷக்காற்றைச் சுவாசித்துப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் செய்தது ஒரே கூட்டம், ஓம் ஷின்ரிக்யோ. அதன் குரு ஷோகோ அசஹாரா.

டோக்கியோ சுரங்க ரயிலில் 1995 மார்ச் 20 அன்று நடந்த சரின் தாக்குதலுக்குப் பிறகுதான் உலகத்துக்கு அந்தப் பெயர் தெரியவந்தது. ஆனால் ஜப்பானில் பலருக்கு அது முன்பே தெரியும். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். ஒரு வழக்கறிஞர் ஆதாரம் திரட்டினார். ஒரு வார இதழ் தொடர் எழுதியது. கிராமத்து மக்கள் நாற்றம் தாங்காமல் முறையிட்டார்கள். அசஹாராவின் வெறியைவிட, இத்தனை பேர் சொல்லியும் யாரும் செவிசாய்க்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றைப் படிக்கும்போது மனதை அறுக்கிறது.

மருந்துக் கடையிலிருந்து குருபீடத்துக்கு

அசஹாராவின் இயற்பெயர் சிஸுவோ மட்சுமோட்டோ. 1955-ல் கியூஷு தீவிலுள்ள யட்சுஷிரோவில், பாய் முடையும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தான். ஒரு கண்ணில் அநேகமாகப் பார்வை இல்லை, இன்னொன்றில் மங்கலாகத் தெரியும். பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கொஞ்சமாவது கண் தெரிந்தவன் என்பதால் மற்றப் பிள்ளைகளை அதட்டி மிரட்டி வேலை வாங்கினான் என்று கூடப் படித்தவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். அக்குபங்சர் கற்றுக்கொண்டு, டோக்கியோவுக்குப் பக்கத்தில் சீன மருந்துக் கடை வைத்தான். 1982-ல் அனுமதியில்லாத மருந்து விற்றுக் கைதாகி, 2 லட்சம் யென் அபராதம் கட்டினான்.

1984-ல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் சின்னதாக ஒரு யோகா வகுப்பு தொடங்கினான். மறு ஆண்டு, சம்மணமிட்டபடி அந்தரத்தில் மிதப்பதுபோன்ற அவனுடைய புகைப்படம் அமானுஷ்யச் சங்கதிகளை வெளியிடும் பத்திரிகைகளில் வந்தது. கூட்டம் சேர்ந்தது. 1986-ல் இமயமலைக்கு வந்து இறுதி ஞானம் அடைந்துவிட்டதாக அறிவித்தான். 1987-ல் தலாய் லாமாவைச் சந்தித்தான். அந்தப் படமும் விளம்பரமாயிற்று.

இந்த இடத்தைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இயக்கத்தின் பெயரிலேயே ஓங்காரம் இருந்தது. அவர்களுக்கு முழுமுதல் தெய்வம் சிவன். சீடர்களுக்குத் தீட்சைப் பெயர்கள் வைத்தார்கள், அவற்றில் பல சமஸ்கிருதம். ஆசிரமக் கட்டடங்களின் பெயர் 'சத்யம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபுஜி மலையடிவாரத்தில் அப்படி ஏழாம் எண் இட்ட கட்டடத்துக்குள்தான் சரின் ஆலை இருந்தது. வெளியாட்கள் பார்க்க வந்தால் இயந்திரங்களை மறைத்து, தெர்மோகோலில் செய்த பிரம்மாண்டமான சாமி சிலையைக் காட்டினார்கள். சுரங்க ரயிலில் விஷப்பையைக் குத்திய மருத்துவரின் தீட்சைப் பெயர் கிருஷ்ணானந்தா.

கொலைக்கும் சாத்திரம் இருந்தது. இறப்பவரின் உணர்வை மேல்நிலைக்கு அனுப்பிவைக்கும் தியான முறை ஒன்று திபெத்தியப் பௌத்தத்தில் உண்டு. அசஹாரா அதைத் தலைகீழாக்கினான். பாவம் சேர்த்துக்கொண்டே போகிற ஒருவனை, ஞானம் பெற்ற குருவின் ஆணைப்படி கொன்றால், அது அவனுக்குச் செய்யும் உபகாரம் என்று போதித்தான். கொன்றவனுக்கும் புண்ணியம். இதை நம்பியவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் அல்லர். ஒசாகா பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் படித்த ஹிடியோ முராய், ட்சுகுபா பல்கலைக்கழக வேதியியலாளர் மசாமி சுச்சியா, டோக்கியோ பல்கலைக்கழக இயற்பியல் மாணவர் தோரு டொயோடா, கேயோ பல்கலைக்கழகத்தில் படித்த இதய அறுவை மருத்துவர் இகுவோ ஹயாஷி என்று நீள்கிறது வரிசை.

"இவ்வளவு படித்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள்?" என்று இன்றும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. படிப்பு ஒரு துறையில் கூர்மையைத் தரும். தனிமைக்கும், வாழ்க்கை எதற்கு என்ற தவிப்புக்கும் அது மருந்து தராது. அந்தத் தவிப்போடு வந்தவர்களிடம், உன் உயிருக்கு இந்தப் பிரபஞ்சத்தில் ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது என்றான் அசஹாரா. பிறகு தூக்கத்தைக் குறைத்தான், சாப்பாட்டைக் குறைத்தான், குடும்பத்தை அறுத்துவிட்டான், சொத்தை எழுதி வாங்கினான். குருவின் ரத்தத்தை அருந்தும் சடங்குக்குக் கட்டணம் 10 லட்சம் யென். குரு குளித்த தண்ணீரும் விலைக்குப் போனது. குருவின் மூளை அலைகளைச் சீடனுக்குள் செலுத்துவதாகச் சொல்லி, மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டிவிட்டார்கள். திரும்பிப்போக வீடு இல்லை, கையில் காசு இல்லை, யோசிக்கத் தெம்பும் இல்லை என்று ஆனபின் ஒருவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பதில் என்ன இருக்கிறது?

ஒரு சாவை மறைக்க இன்னொரு கொலை

கொலைகள் பெரிய திட்டத்தோடு தொடங்கவில்லை. 1988 செப்டம்பரில், பயிற்சி என்ற பெயரில் குளிர்ந்த நீரில் வதைக்கப்பட்ட ஒரு சீடர் இறந்துபோனார். அப்போது டோக்கியோ மாநகர அரசிடம் மதநிறுவனமாகப் பதிவு பெற முயன்றுகொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். உடலை ஆசிரமத்துக்குள்ளேயே எரித்தார்கள். அது தெரிந்த இன்னொரு சீடர் இயக்கத்தைவிட்டுப் போக நினைத்தார். 1989 பிப்ரவரியில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த ஆகஸ்டில் பதிவும் கிடைத்தது, வரிச்சலுகையும் கிடைத்தது. அதைவிடப் பெரிய லாபம், மதம் என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் காட்டும் தயக்கம். போர்க்காலத்தில் மத இயக்கங்களை நசுக்கிய பழி ஜப்பானிய அரசின்மேல் இருந்தது. அதனால் போருக்குப் பிறகு மதநிறுவனங்களின் உள்விவகாரத்தில் தலையிட யாரும் துணியவில்லை.

பெற்றோர்கள் சகமோட்டோவிடம் வந்தது இந்தச் சமயத்தில்தான். 33 வயது வழக்கறிஞர். வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளை ஒருமுறை பார்க்கவாவது வழி செய்யுங்கள் என்று அழுதவர்களை ஒருங்கிணைத்துச் சங்கமாக்கினார். குருவின் ரத்தத்தைக் கியோட்டோ பல்கலைக்கழகம் ஆராய்ந்து அதில் தனிச்சிறப்பு கண்டதாக இயக்கம் விளம்பரம் செய்திருந்தது. சகமோட்டோ விசாரித்தார், அப்படியொரு ஆய்வே நடக்கவில்லை. வழக்குக்குத் தயாரானார். 'சண்டே மைனிச்சி' வார இதழும் அந்த அக்டோபரில் இயக்கத்தை அம்பலப்படுத்தும் தொடரைத் தொடங்கியது.

டிபிஎஸ் தொலைக்காட்சி அக்டோபர் 26 அன்று சகமோட்டோவைப் பேட்டி எடுத்தது. செய்தி கசிந்து, ஓம் ஆட்கள் தொலைக்காட்சி அலுவலகத்துக்கே போனார்கள். ஒளிபரப்பாத அந்தப் பேட்டியை நிலையத்தார் அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. இப்படிக் காட்டிவிட்டோம் என்று சகமோட்டோவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நவம்பர் 3 ஜப்பானில் விடுமுறை. அவர் வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது மடக்கிவிடக் காத்திருந்த ஆட்கள், ஆள் வராததால் வீட்டுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை. அடுத்த நாள் விடியுமுன் மூவரையும் கொன்றார்கள். உடல்களை மூன்று வெவ்வேறு மாநில மலைகளில் புதைத்தார்கள். கொன்றவர்களில் டொமோமாசா நாககாவா என்ற மருத்துவரும் இருந்தார்.

வீட்டுக்குள் ஓம் இயக்கத்தின் சின்னம் பொறித்த பேட்ஜ் ஒன்று கிடந்தது. அதற்குமேல் வேறென்ன துப்பு வேண்டும்? ஆனாலும் போலீஸ், அவர்களே எங்காவது போயிருக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிடவில்லை. சகமோட்டோ வேலை பார்த்த சட்ட அலுவலகத்துக்கும் அந்தக் காவல்துறைக்கும் வேறு வழக்குகளில் முன்பே உரசல் இருந்ததைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பின்னர் வந்த அந்த வரைபடக் கடிதத்தை அனுப்பியவர், கொலையில் பங்கெடுத்துவிட்டு இயக்கத்திலிருந்து தப்பியோடியவர். அசஹாராவை மிரட்டிப் பணம் பறிக்க அவர் செய்த வேலை அது. கொலைகாரரே இடத்தைக் காட்டியும் வழக்கு நகரவில்லை. டிபிஎஸ் 1996 மார்ச் வரை மறுத்துக்கொண்டேயிருந்து, கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் பதவி விலகினார்.

தோற்றபின் வந்த ஆத்திரம்

1990 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் அசஹாராவும் சீடர்களுமாக 25 பேர் நின்றார்கள். குருவின் முகமூடியை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடிப்பாடி வாக்குக் கேட்டார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை, அசஹாராவுக்கு விழுந்தது 1,783 வாக்கு. தனக்கு வாக்களிக்காத உலகம் அழியத்தான் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. பாட்டுலினம் நச்சை உருவாக்க முயன்றார்கள், பலிக்கவில்லை. 1993-ல் டோக்கியோவின் கமெய்டோ பகுதியில் தங்கள் கட்டடத்து மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸ் தெளித்தார்கள். அது தடுப்பூசிக்குப் பயன்படும் வீரியமற்ற வகை என்பதால் ஊர் தப்பியது. நாற்றம் அடிக்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். விசாரணை ஆழமாகப் போகவில்லை.

அதன்பின் சரின். நம் வயல்களில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுதான் அது. ஆனால் வீரியம் பல மடங்கு. 70 டன் தயாரிக்கத் திட்டமிட்டு ஆலை கட்டினார்கள். கமிகுயிஷிகி கிராமத்தில், ஃபுஜி மலையின் காலடியில்.

ஆசிரமத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு 1994 ஜனவரிச் சம்பவம் ஒன்று போதும். இயக்கத்தைவிட்டு வெளியேறிய ஒரு மருந்தாளுநர், உள்ளே நோயுற்றுக் கிடந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற அவருடைய மகனோடு இரவில் நுழைந்தார். இருவரும் பிடிபட்டார்கள். "நீ உயிரோடு போக வேண்டுமென்றால் இவனைக் கொல்" என்று அந்த மகனுக்கு உத்தரவு. தன் தாயைக் காப்பாற்ற வந்த நண்பரின் கழுத்தை அந்த இளைஞர் குருவின் முன்னாலேயே நெரித்தார்.

மட்சுமோட்டோ: பாதிக்கப்பட்டவரே குற்றவாளி

1994 ஜூன் 27 இரவு, நகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரில் ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் லாரி ஒன்று வந்து நின்று சரினை ஆவியாக்கிக் காற்றில் விட்டது. இயக்கத்துக்கு எதிரான நில வழக்கொன்றை விசாரித்த நீதிபதிகள் அங்கே குடியிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அன்றிரவு ஆம்புலன்ஸுக்கு முதலில் போன் செய்தவர் யோஷியுகி கோனோ. அவர் மனைவி மயங்கி விழுந்திருந்தார்; அவரும் விஷத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். மறுநாளே போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டது. புகைப்படம் கழுவும் ரசாயனங்களும் தோட்ட மருந்துகளும் இருந்தன. போதும்! களைக்கொல்லி கலக்கும்போது தவறு நேர்ந்து விஷவாயு உண்டானது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தப் பொருள்களை வைத்துச் சரின் தயாரிக்க முடியாது என்று வேதியியல் அறிந்தவர்கள் சொன்னதைக் கேட்பார் இல்லை. மனைவி நினைவின்றிக் கிடக்க, கோனோ மணிக்கணக்காக விசாரணையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. ஓராண்டு கழித்து, உண்மை தெரிந்தபின், பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டன. அமைச்சர் ஒருவர் நேரில் வருத்தம் தெரிவித்தார். அவர் மனைவி 14 ஆண்டுகள் நினைவு திரும்பாமலே கிடந்து 2008-ல் இறந்தார். மட்சுமோட்டோவின் எட்டாவது பலி அவர்.

கோனோவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சரின் தெளித்த அந்த வாகனத்தை உருவாக்குவதில் பங்கேற்றுச் சிறையிருந்த ஒருவர், விடுதலையான பிறகு மன்னிப்புக் கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார். கோனோ விரட்டவில்லை. அந்த மனிதர் அவர் தோட்டத்து மரங்களுக்குக் கிளை வெட்டிக் கொடுத்தார். இருவரும் நண்பர்களானார்கள். தன்னை ஒரு நாடே குற்றவாளி என்று சொன்னபோது என்ன வலி என்பதை அறிந்தவர், இன்னொருவரை அப்படி நிறுத்த மறுத்தார். இத்தனை இருளுக்குள் மனிதன்மேல் நம்பிக்கை வரவைப்பவர் அவர் ஒருவர்தான்.

1994 ஜூலையில் கமிகுயிஷிகி மக்கள் ஆசிரமப் பக்கத்திலிருந்து வரும் துர்நாற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்து எடுத்த மண்ணில் சரினின் எச்சம் இருப்பதை நவம்பரில் போலீஸ் ஆய்வகம் கண்டறிந்தது. 1995 ஜனவரி 1 அன்று 'யோமியூரி' நாளிதழ் இதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அசஹாரா பதறிப்போய் ஆலையைப் பிரித்து, கையிருப்பை அழிக்கச் சொன்னான். அப்போதும் கதவு உடைக்கப்படவில்லை. பிப்ரவரி 28 அன்று, இயக்கத்திலிருந்து தப்பிய தன் தங்கையின் இருப்பிடத்தைச் சொல்ல மறுத்த ஒருவரை டோக்கியோ தெருவிலேயே வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். அவர் மறுநாள் இறந்தார். வாடகை வேனில் ஒரு சீடரின் கைரேகை சிக்கியது. மார்ச் 22 அன்று ஆசிரமங்களுக்குள் புகுவது என்று போலீஸ் கடைசியில் முடிவெடுத்தது. அது அசஹாராவின் காதுக்கும் எட்டிவிட்டது.

மார்ச் 20, காலை 8 மணி

போலீஸைத் திசைதிருப்ப வேண்டும். அரசு அலுவலகங்களும் காவல்துறைத் தலைமையகமும் இருக்கும் கசுமிகசெகி நிலையத்தை நோக்கி ஓடும் மூன்று ரயில் பாதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து ரயில்களில் ஐந்து பேர். கையில் செய்தித்தாளில் சுற்றிய சரின் பைகள். நுனியைக் கூராகத் தீட்டிய குடை. நால்வருக்கு இரண்டிரண்டு பை. யசுவோ ஹயாஷி மட்டும் மூன்றை வாங்கிக்கொண்டார். அவர் ஏறிய ரயிலில்தான் சாவு அதிகம். இகுவோ ஹயாஷி, உயிர் காப்பதையே தொழிலாகக் கொண்ட மருத்துவர். பையைக் குத்தினால் எதிரே இருப்பவர் செத்துவிடுவார் என்று தெரிந்தே குத்தியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

கசுமிகசெகியில் ரயில் பெட்டிக்குள் ஈரமாகக் கிடந்த பொட்டலத்தைத் துணை நிலைய மேலாளரும் இன்னோர் ஊழியரும் அப்புறப்படுத்தினார்கள். பயணிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, ரயில் நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. இருவரும் இறந்தார்கள். மொத்தம் 13 பேர். 25 ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2020-ல் இறந்த ஒரு பெண்ணையும் சேர்த்து இப்போது 14.

சாவு இதோடு நின்றதற்குக் காரணங்களில் ஒன்று செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை. அதன் தலைவர் ஷிகெயாகி ஹினோஹாரா, போர்க்காலக் குண்டுவீச்சில் இடமில்லாமல் நோயாளிகளை இழந்தவர். 1992-ல் புதுக்கட்டடம் கட்டியபோது தேவாலயத்திலும் நடைகூடங்களிலும்கூட ஆக்ஸிஜன் குழாய் பதிக்கச் சொன்னார், வீண்செலவு என்றார்கள். அன்று ஒரே நாளில் வந்த 640 பேரை அங்கேதான் படுக்கவைத்தார்கள். மட்சுமோட்டோ நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டுத் தாமாகவே போன் செய்து, இது சரின் என்றார். பூச்சிமருந்து குடித்தவர்களுக்குக் கொடுக்கும் 'பாம்' என்ற முறிமருந்தை மற்ற ஊர்களிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டு மருத்துவர்களைப் போலக் காவல்துறையில் இருவர் இருந்திருந்தால் என்ற ஏக்கம் வராமல் இதை எழுத முடியவில்லை.

மார்ச் 22 அன்று சுமார் 2,500 போலீஸார் கமிகுயிஷிகி உள்ளிட்ட இடங்களுக்குள் நுழைந்தார்கள். விஷவாயு இருந்தால் தெரியட்டும் என்று கூண்டில் கேனரிப் பறவைகளை முன்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். அசஹாரா அகப்பட்டது மே 16 அன்று. ஆறாம் கட்டடத்தில் இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு பொந்துக்குள், பணக்கட்டுகளோடு படுத்திருந்தான்.

தூக்குக்குப் பிறகும்

வழக்கு 1996-ல் தொடங்கி 257 அமர்வுகள் நடந்தது. சீடர்கள் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கியதும் அசஹாரா முணுமுணுக்க ஆரம்பித்து, கடைசியில் மௌனத்துக்குள் போய்விட்டான். 2004 பிப்ரவரியில் மரண தண்டனை; 2006-ல் உறுதியானது. 2018 ஜூலை 6 அன்று அவனும் ஆறு சீடர்களும், ஜூலை 26 அன்று மீதி ஆறு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். ரயிலில் பைகளைக் குத்திய ஐவரில், வாக்குமூலம் கொடுத்து விசாரணைக்கு உதவிய இகுவோ ஹயாஷிக்கு மட்டும் ஆயுள் தண்டனை.

அசஹாரா சாகும்வரை எதையும் விளக்கவில்லை. அவனைத் தூக்கிலிட்டதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மற்றப் பன்னிரண்டு பேரையும் அவசர அவசரமாக அதே மாதத்தில் முடித்தது தவறு. மருத்துவர் நாககாவா சிறையிலிருந்தபடியே நச்சியல் ஆய்வாளர் அந்தோனி து-வுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சாதாரண மனிதன் எப்படிப் படிப்படியாகக் கொலைகாரனாகிறான் என்பதை உள்ளேயிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள். உயிரோடு வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

1995 டிசம்பரில் மதநிறுவனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1999-ல் இத்தகைய கூட்டங்களைக் கண்காணிக்கத் தனிச் சட்டம் வந்தது. ஓம் ஷின்ரிக்யோ மறையவில்லை. 2000-ல் 'அலெஃப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதிலிருந்து வேறு குழுக்கள் பிரிந்தன. எல்லாவற்றிலுமாகச் சேர்ந்து 1,600 பேர் வரை இருப்பதாக ஜப்பானியப் பொதுப் பாதுகாப்பு விசாரணை முகமை சொல்லிவருகிறது. பெயரை மறைத்து யோகா வகுப்பு, படிப்பு வட்டம் என்று கூப்பிட்டு, 1995-க்குப் பிறகு பிறந்த மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்றும் எச்சரிக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு அலெஃப் 100 கோடி யென்னுக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பு 2020-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. கண் மங்கியவர்களும், நடக்க முடியாதவர்களும், கணவனையும் பிள்ளையையும் இழந்தவர்களும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். தீர்ப்பு வந்தபின்னும் அலெஃப் முழுத்தொகையைத் தரவில்லை. சகமோட்டோ குடும்பம் கொல்லப்பட்ட இரவிலிருந்து கைகட்டி நின்ற அரசு, இந்தப் பணத்தையாவது கறாராக வசூலித்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.